முதுமை என்று விட்டுவிடாத டாக்டர் பிக்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 58.

முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறவர். கணக்கில் ஒரு காசு பிசகாது. கடைக்கு வரும் பெண்களைத் தாயி என்றும் தங்கச்சி என்றும்தான் கூப்பிடுவார். அவர் இருக்கும் இடத்தில் ஒரு தகாத வார்த்தை எழாது.

அப்படிப்பட்டவர் ஒரு வருஷமாக வேறு ஆளாகிவிட்டார்.

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் இருக்கும் லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். இழவு வீட்டில் உட்கார்ந்து சிரிக்கிறார். தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே கடைக்குப் போய் அடுத்தடுத்து நான்கு ஜிகர்தண்டா குடிக்கிறார். முன்பின் தெரியாதவர்களுக்குப் பணத்தை எடுத்து நீட்டுகிறார். மனைவி காய்ச்சலில் கிடந்தாலும் எட்டிப் பார்ப்பதில்லை.

மறதி என்று சொல்லவும் வழியில்லை. யார் எவ்வளவு பாக்கி என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுகிறார்.

ஊர் என்ன பேசும்? கெட்ட சகவாசம் என்பார் ஒருவர். குடி என்பார் இன்னொருவர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்பார்கள் சிலர். வயதாகிவிட்டால் புத்தி இப்படித்தான் போகும் என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்கள் மற்றவர்கள். மனைவி வெளியே சொல்ல முடியாமல் அழுவாள். மகன் நாலு பேர் முன்னிலையில் தகப்பனைத் திட்டுவான்.

ஆனால் இது கெட்ட குணமாக இல்லாமல், மூளையில் வந்த ஒரு நோயாகவும் இருக்கலாம். அந்த நோய்க்கு இன்று டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் ஃபிரான்டோடெம்போரல் டிமென்ஷியா. மூளையின் முன்பக்கமும் பொட்டுப் பக்கமும் தேய்ந்துபோகும் நோய் என்பது அதன் பொருள். இந்தப் பெயர் வருவதற்கு முன்பு அதைப் பிக் நோய் என்றுதான் உலகம் அழைத்தது.

பிக் என்பது ஒரு டாக்டரின் பெயர். வயதாகிவிட்டால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு எழுந்து போகாத டாக்டர் அவர்.

வியன்னாவில் கற்ற பாடம்

ஆர்னால்டு பிக் 1851-ம் ஆண்டு ஜூலை 20-ந்தேதி பிறந்தார். ஊர், மொராவியா நாட்டில் உள்ள வெல்க்கே மெசிரிச்சி. அப்போது அது ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில் இருந்தது. இன்று செக் குடியரசில் இருக்கிறது. ஜெர்மன் மொழி பேசும் யூதக் குடும்பம் அவருடையது.

மருத்துவம் படிக்க அவர் வியன்னாவுக்குச் சென்றார். அங்கே மைனெர்ட் என்ற பேராசிரியரிடம் மாணவ உதவியாளராகச் சேர்ந்தார்.

மைனெர்ட் மூளையை அறுத்து ஆராய்வதில் பேர் பெற்றவர். மனக் கோளாறுகளுக்குக் காரணத்தை மூளையில்தான் தேட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. பேய், பாவம், சாபம் ஆகிய எதற்கும் அதில் இடம் இல்லை. இளைஞர் பிக் அந்தப் பாடத்தை மனத்தில் வாங்கிக்கொண்டார். கடைசி வரை விடவில்லை.

1875-ல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். வயது 24. அடுத்து பெர்லின் நகரில் வெஸ்ட்பால் என்ற பெரிய மனநோய் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தார். பிறகு வட ஜெர்மனியில் ஒரு மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். 1877-ல் பிராக் நகருக்கு வந்து சேர்ந்தார். 1880-ல் தோப்ரானி என்ற ஊரில் புதிதாகக் கட்டிய மனநோய் ஆஸ்பத்திரிக்குத் தலைவர் ஆனார்.

1886-ல் பிராக் நகரில் இருந்த ஜெர்மன் பல்கலைக்கழகம் அவரை மனநோய் மருத்துவப் பேராசிரியராக நியமித்தது. அப்போது அவருக்கு 35 வயது. அதன்பின் 35 வருஷம், 1921 வரை, அவர் அந்தப் பதவியை விட்டு நகரவே இல்லை.

கண்ணும் காகிதமும்

அந்தக் காலத்து மனநோய் ஆஸ்பத்திரி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

மேகநோய் முற்றி மூளைக்கு ஏறியவர்கள் இருந்தார்கள். வலிப்பு நோயாளிகள் இருந்தார்கள். குடியால் புத்தி கெட்டவர்கள் இருந்தார்கள். வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாத கிழவர்களும் கிழவிகளும் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கூரை.

ஸ்கேன் என்ற சொல்லே அப்போது கிடையாது. எக்ஸ்ரே கண்டுபிடித்ததே 1895-ல்தான். அதிலும் எலும்பு தெரியுமே தவிர மூளை தெரியாது. உயிரோடு இருக்கும் மனிதனின் மூளையைப் படம் பிடிக்கும் சி.டி. ஸ்கேன் 1971-ல்தான் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்டது.

ஆகவே டாக்டர் பிக்கிடம் இருந்த கருவிகள் இரண்டே. ஒன்று கண். மற்றொன்று காகிதம்.

நோயாளி என்ன பேசுகிறார், எந்தச் சொல்லை மறக்கிறார், எதைக் கையில் கொடுத்தால் என்ன செய்கிறார் என்று ஒவ்வொன்றையும் கவனித்து எழுதி வைப்பார். அந்த நோயாளி இறந்த பின் மூளையைப் பரிசோதிப்பார். எழுதி வைத்ததையும் கண்ணால் கண்டதையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். பொறுமை இல்லாதவர் இந்த வேலையைச் செய்ய முடியாது. பிக் பொறுமைசாலி. அடக்கமானவர், அதிகம் பேசாதவர். புத்தகம் சேர்ப்பதிலும் சங்கீதம் கேட்பதிலும் பிரியம் உள்ளவர்.

71 வயது முதியவர்

1892-ம் ஆண்டு பிராக் நகரத்து மருத்துவ வார இதழ் ஒன்றில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுதான் பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தந்த கட்டுரை.

அதில் ஆகஸ்ட் என்ற 71 வயது முதியவரின் கதை வருகிறது. அவருக்குப் புத்தி தடுமாறியது. அதோடு பேச்சும் கெட்டது. பொருளின் பெயர் வரவில்லை. பிறர் சொல்வதும் விளங்கவில்லை. அவர் இறந்த பின் பிக் மூளையை எடுத்துப் பார்த்தார்.

வயதானால் மூளை சுருங்கும் என்பது அக்கால டாக்டர்களுக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் முற்றிய தேங்காய் கொப்பரையாவது போல, அது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கும் என்றே அவர்கள் நினைத்தார்கள். கிழவருக்குப் பேச்சுப் போனாலும், நடத்தை கெட்டாலும், முதுமை என்ற ஒரே சொல்லில் கணக்கை முடித்தார்கள்.

ஆகஸ்டின் மூளை அப்படி இல்லை. இடது பொட்டுப் பக்கம் மற்ற பகுதிகளைவிட மிகவும் சுருங்கிக் கிடந்தது. சொற்களுக்கு வேண்டிய பகுதி அதுதான்.

மேலூர்ப் பக்கத்து விவசாயிக்கு இதை எளிதாக விளக்கலாம். வயல் முழுவதும் வாடினால் மழை இல்லை என்று அர்த்தம். ஒரு மூலை மட்டும் கருகினால் அவர் வானத்தைப் பார்க்க மாட்டார். அந்த மூலைக்கு நடந்து போய், வாய்க்கால் அடைத்திருக்கிறதா, பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

பிக் செய்ததும் அதுதான். மூளை ஒரு மூலையில் மட்டும் சுருங்கலாம், எந்த மூலை சுருங்குகிறதோ அந்த மூலைக்குரிய திறமை முதலில் போகும் என்று அவர் காட்டினார்.

பின்வந்த ஆண்டுகளில் இன்னும் சில நோயாளிகளைப் பற்றி எழுதினார். சிலருக்குப் பொட்டுப் பக்கம் சுருங்கியிருந்தது. சிலருக்கு நெற்றிப் பக்கம் சுருங்கியிருந்தது.

நெற்றிக்குப் பின்னால் ஒரு கடிவாளம்

நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி குதிரைக்குக் கடிவாளம் போன்றது. எங்கே சிரிக்கலாம், எங்கே சிரிக்கக் கூடாது, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று மனிதனைப் பிடித்து நிறுத்துவது அது. பிறர் துன்பத்தைக் கண்டு மனம் இளகுவதற்கும் அது வேண்டும். அது தேய்ந்தால் கடிவாளம் அறுந்துவிடும். கீழமாசி வீதி வியாபாரிக்கு நேர்ந்ததாக நாம் நினைத்துப் பார்த்தது இதுதான்.

காதுக்கு மேலே பொட்டுப் பக்கத்தில் உள்ள பகுதி சொற்களின் களஞ்சியம். இடது பக்கம் தேய்ந்தால் பேச்சு சரளமாக வரும், ஆனால் சொற்கள் பொருள் இழந்துபோகும். கரண்டியை எடுத்து வா என்றால், கரண்டி என்றால் என்ன என்று நோயாளி கேட்பார். வேறு சிலருக்குப் பேச்சே தட்டுத் தடுமாறி, நாளடைவில் நின்றுபோகும்.

தாம் ஒரு புது நோயைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பிக் ஒருநாளும் சொல்லிக்கொள்ளவில்லை. முதுமையில் வரும் மூளைச் சுருக்கத்தின் ஒரு வகை என்றே அவர் கருதினார்.

1911-ல் அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர் இத்தகைய மூளைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். மறதி நோய்க்குத் தம் பெயரைத் தந்த அதே அல்சைமர்தான். நரம்பு உயிரணுக்களுக்குள் உருண்டை உருண்டையாக ஏதோ படிந்திருப்பதை அவர் கண்டார். சில அணுக்கள் ஊதிப் போயிருந்தன. மறதி நோயில் அவர் பார்த்த அடையாளங்களோ இவற்றில் இல்லை. இது வேறு நோய் என்பதற்கு அது ஒரு சாட்சி ஆயிற்று. அந்த உருண்டைகளுக்குப் பிக் உருண்டைகள் என்று பிற்காலத்தில் பெயர் வந்தது.

கடைசிக் காலம்

பிக் எழுதிய கட்டுரைகள் நூற்றுக்கணக்கானவை. மூளை கெட்டால் பேச்சில் இலக்கணம் எப்படிச் சிதைகிறது என்பது பற்றி 1913-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதை ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கில டாக்டருக்குக் காணிக்கை ஆக்கினார்.

அடுத்த வருஷம் முதல் உலக யுத்தம் மூண்டது. 1918-ல் சாம்ராஜ்யம் உடைந்தது. பிராக் செக்கோஸ்லோவாகியா என்ற புது நாட்டின் தலைநகர் ஆயிற்று. கொடிகள் மாறின. டாக்டர் பிக் தம் நோயாளிகளோடு இருந்தார்.

1921-ல் ஓய்வு பெற்றார். 1924-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந்தேதி பிராக் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 72.

அந்த நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது 1920-களில். அவர் தேடிப் போகாத புகழ், மற்ற டாக்டர்கள் கொண்டுவந்து கொடுத்தது.

அறுபது வருஷம் கழித்து

பெயர் வந்ததே தவிர, நோயை அடையாளம் கண்டவர்கள் குறைவு. இறந்த பின் மூளையைப் பார்த்தால்தான் நிச்சயம் என்ற நிலை வெகுகாலம் நீடித்தது. நோயாளிகள் பலர் பைத்தியம் என்றோ மறதி நோய் என்றோ தவறாகக் கணிக்கப்பட்டார்கள்.

1980-களில் சுவீடன் நாட்டு லுண்ட் நகரத்திலும் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்திலும் இருந்த டாக்டர்கள் இதை மீண்டும் கையில் எடுத்தார்கள். 1994-ல் இரு குழுவினரும் சேர்ந்து, நோயை உயிரோடு இருக்கும்போதே கண்டுகொள்ளும் அடையாளங்களை வகுத்து வெளியிட்டார்கள். 2011-ல் அந்த அடையாளங்கள் மேலும் திருத்தப்பட்டன.

இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் நெற்றிப் பக்கமும் பொட்டுப் பக்கமும் சுருங்கியிருப்பதைப் பெரும்பாலும் பார்க்க முடிகிறது. தொடக்கத்தில் ஸ்கேன் சரியாக இருந்தும் நோய் இருப்பது உண்டு. அப்போது சில மாதம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டியிருக்கும். சில குடும்பங்களில் இது பரம்பரையாகவும் வருகிறது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

இந்த நோய் பெரும்பாலும் 45 வயதிலிருந்து 65 வயதுக்குள் தொடங்குகிறது. அதற்குப் பிறகு தொடங்குவதும் உண்டு. கீழே சொன்னவற்றில் மூன்று நான்கு சேர்ந்து, புதிதாக வந்து, மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வெட்கம், கூச்சம், மரியாதை குறைவது. பிறர் துன்பத்தில் அக்கறை போவது. குளிக்கவும் வேலை செய்யவும் நாட்டம் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது. ஒரே செயலையோ ஒரே வார்த்தையையோ திரும்பத் திரும்பச் செய்வது. இனிப்பின் மேல் அடங்காத ஆசை. திட்டமிட்டு ஒரு காரியத்தை முடிக்கத் தெரியாமல் போவது. பேச்சில் சொற்கள் கைவிட்டுப் போவது.

ஞாபகசக்தி ஆரம்பத்தில் நன்றாகவே இருக்கலாம். அதனால்தான் வீட்டார் ஏமாந்து போகிறார்கள். நோயாளியும் தமக்கு ஒன்றும் இல்லை என்று அடித்துச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. தம் மாற்றத்தை உணரும் திறமையே அவருக்குப் போய்விட்டது.

டாக்டரிடம் போவதற்கு இன்னொரு முக்கியக் காரணமும் உண்டு. தைராய்டு குறைவு, பி-12 வைட்டமின் குறைவு, மூளையில் கட்டி, தலையில் அடிபட்டு உறைந்த ரத்தம், மனச்சோர்வு ஆகியவையும் ஒருவர் சுபாவத்தை மாற்றக்கூடும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. முதுமை என்று விட்டுவிட்டால் தீரக்கூடிய நோயும் தீராமல் போகும்.

மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. போகும்போது, என்ன மாற்றம் எப்போது வந்தது என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போவது நல்லது. டாக்டர் பிக் செய்ததும் அதே வேலைதானே! போகலாமா வேண்டாமா என்ற தயக்கம் இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் என்ற இலவச மனநலத் தொலைபேசி 14416-ல் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. படபடப்பையும் அடங்காத நடத்தையையும் சற்றுத் தணிக்கச் சில மாத்திரைகள் உதவுவது உண்டு. அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகள் இதற்குப் பயன்படுவதில்லை. சிலருக்குத் தொந்தரவு அதிகமாவதும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையை வாங்கிக் கொடுக்கக் கூடாது.

மருந்தைவிட வீட்டு ஏற்பாடே பெரிது.

நோயாளியோடு வாதாடிப் பயன் இல்லை. திட்டினால் அவருக்கு உறைக்காது, திட்டுகிறவருக்குத்தான் ரத்தக்கொதிப்பு ஏறும். கவனத்தை வேறு பக்கம் திருப்புவதே வழி. எழுவது, குளிப்பது, நடப்பது, சாப்பிடுவது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடந்தால் அவர் அமைதியாக இருப்பார். பட்டாணி உரிப்பது, துணி மடிப்பது போன்ற எளிய வேலைகளைக் கொடுக்கலாம்.

இனிப்பைக் கண்ணில் படாமல் பூட்டி வைக்க வேண்டும். தட்டில் அளவாகப் பரிமாற வேண்டும். அள்ளி அள்ளி வாயில் திணித்தால் தொண்டையில் அடைக்கும். நோய் முற்றும்போது விழுங்குவதே கஷ்டமாகும். அப்போது உணவைக் குழைத்துக் கொடுக்க வேண்டும்.

ஏ.டி.எம். கார்டு, காசோலை, நிலப் பத்திரம், வண்டிச் சாவி ஆகியவை பொறுப்பான ஒருவர் கையில் இருக்க வேண்டும். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தனியே விடவே கூடாது.

அக்கம்பக்கத்தாரிடமும் வழக்கமாகப் போகும் கடைக்காரரிடமும் இது நோய் என்று சொல்லிவைக்க வேண்டும். மறைத்தால் பழிதான் மிஞ்சும். சொன்னால் பாதிப் பேர் உதவிக்கு வருவார்கள்.

பார்த்துக்கொள்கிறவரையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். இரவு பகலாக ஒரு பெண்ணின் தலையில் எல்லாப் பாரமும் விழுந்தால் அவளும் படுத்துவிடுவாள். அண்ணன் தம்பிகள் முறை வைத்துக்கொண்டு வந்து இருக்க வேண்டும்.

சங்கிலி வேண்டாம்

எது செய்தாலும் கட்டிப்போடுவது மட்டும் கூடாது.

மதுரைக்குத் தெற்கே, ராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஏர்வாடியில் 2001-ம் ஆண்டு ஆகஸ்ட் 6-ந்தேதி ஒரு மனநோயாளர் இல்லத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் கருகி இறந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வீட்டின் பிள்ளைகள், தாய்மார்கள், தகப்பன்மார்கள். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளிகளை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடுக்கிறது.

சட்டத்தின் வேலை அது. குடும்பத்தின் வேலை அதற்கு முன்பே தொடங்குகிறது. முப்பது வருஷம் நல்லவராக வாழ்ந்த ஒருவர் திடீரென்று கெட்டவராக மாறுவது உலகத்தில் அபூர்வம். அப்படி மாறினால் பழி சொல்வதற்கு முன், எந்த மூலை கருகியது என்று பார்க்க வேண்டும்.

பிராக் நகரத்து ஆஸ்பத்திரியில், ஸ்கேனும் இல்லாமல் மருந்தும் இல்லாமல், ஒரு கிழவர் மறந்த சொற்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்த டாக்டர் செய்தது அவ்வளவுதான். நம் வீட்டுப் பெரியவருக்கு அதைச் செய்ய ஒரு தாளும் ஒரு பேனாவும் போதும்.